வலிக்காத முழங்கால்

லிஃப்ட் வருவதற்குள் டீச்சர் இரண்டாம் மாடியைத் தாண்டியிருந்தாள். இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தவள் அவள்தான். அந்தக் காலைச் சாய்த்துச் சாய்த்து அவள் முன்னே போக, ஒரு குறையும் இல்லாத தையல்காரர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் பின்னால் ஏறினார். விளையாட்டு டீச்சரைக் கட்டிக்கொண்டவர் என்பதால் வீட்டிலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

ஸ்கேன் அறை வாசலில் இருந்த பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"படியேறியா வந்தீங்க? கீழயே உக்காந்திருங்க, வீல்சேர் அனுப்பறேன்னு போன்ல சொன்னேனே மேடம்."

"அது நடக்க முடியாதவங்களுக்குன்னு நினைச்சேன்" என்றாள் டீச்சர்.

நடந்தாலே முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு லேசாக அமுங்கிவிடுமாம். படியேறினால் கேட்கவே வேண்டாம். கிழிந்த ஜவ்வுக்குப் பக்கத்தில் அந்தக் குருத்தெலும்பு எப்படித் தேய்கிறது என்று நூலளவு வித்தியாசத்தையும் விடாமல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி அது. எனவே ஒரு மணி நேரம் காலை அசைக்காமல் இருவரும் உட்கார வேண்டும் என்று உத்தரவாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் அப்படிச் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து தையல்காரர் பார்த்ததில்லை.

அவள் இதில் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. குருத்தெலும்பும் போயிருந்தால் மைதானம் வேண்டாம், நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இங்கே டாக்டரே படத்தைக் காட்டி உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார். ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் நல்ல முழங்கால் வேண்டும் என்றதும், கையோடு கணவரையும் இழுத்து வந்துவிட்டாள்.

தையல்காரருக்கு உள்ளூர ஓர் ஆசை. நூலகம் என்றால் விடியுமுன் ஓட வேண்டாம், விடுமுறை நாளில் போட்டி இல்லை, சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிக்கலாம். இதைப் பற்றி அவர் மூச்சுகூட விடவில்லை.

"ஏங்க, நூலகத்துல நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள் டீச்சர் திடீரென்று.

"புத்தகம் படிக்கலாம்."

"ஜன்னலுக்கு வெளிய பிள்ளைங்க தப்புத்தப்பா ஓடிட்டிருப்பாங்க. நான் படிச்சிட்டிருக்கணுமா?"

அவள் குரல் உடைந்து அவர் கேட்டதே இல்லை. தையல்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. டீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இவள் மைதானத்துக்கே போகட்டும் என்று அங்கேயே கட்சி மாறிவிட்டார்.

முதலில் அவள் போய் வந்தாள். பிறகு இவரைப் படுக்க வைத்து முழங்காலை இயந்திரத்தின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பொருத்தினார்கள். இயந்திரம் போட்ட தடதடச் சத்தத்தில், கடைத் தையல் மெஷின்கள் நினைவுக்கு வந்து தையல்காரர் சொக்கிப்போனார். "சார், குறட்டை விடுங்க, பரவாயில்ல. காலை மட்டும் ஆட்டாதீங்க" என்றது ஹெட்போன்.

டாக்டர் டீச்சரின் படத்தை முதலில் திரையில் போட்டார்.

"கிழிசல் இதோ இருக்கு. ஆனா குருத்தெலும்பு நல்லா தடிமனா, வழவழன்னு இருக்கு. தொடைத் தசைக்குப் பயிற்சி பண்ணுங்க. கொஞ்ச நாளைக்குக் குதிக்காதீங்க. மைதானத்துக்குத் தாராளமா போகலாம்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரருக்கும் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அடுத்த படம் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டார்.

"சார், உங்களுக்கு வலியே இல்லையா?"

"இல்லையே."

"உங்க ஜவ்வும் கிழிஞ்சிருக்கு. இந்த வயசுல நிறைய பேருக்கு வலிக்காமலே இப்படி இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா குருத்தெலும்பு மேடம் அளவுக்கு இல்ல, தேய ஆரம்பிச்சிருக்கு. நல்ல முழங்கால்னு உங்கள வெச்சு ஒப்பிட முடியாது போலிருக்கே."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. மைதானத்தில் அவள் பிள்ளைகளை விரட்டும்போது, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று மட்டுமே தையல்காரர் பார்த்திருந்த முகம் அது.

"இவருக்கும் அந்தப் பயிற்சி உண்டா டாக்டர்? எப்பலேர்ந்து?"

"இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் தையல்காரர் வலது காலை நேராக நீட்டித் தூக்கிக்கொண்டிருந்தார். தொடை நடுங்கியது. எதிரே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள் டீச்சர்.

"இறக்காதீங்க. முட்டி மடங்குது பாருங்க."

"டீச்சர், பஸ் வருது."

பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல், போகலாம் என்று டிரைவருக்குக் கையை வீசிக் காட்டினாள். ஜன்னலோரத்து முகங்களெல்லாம் அந்தரத்தில் நின்ற அந்தக் காலையே பார்த்தபடி நகர்ந்து போயின.