கண்ணாடித் தட்டில் ஒரு துடிப்பு

ஊரைப் பற்றிப் பெருமை பேசுவதுதான் அவளுக்கு வேலை. மருத்துவ மாநாடுகளைத் தங்கள் நகரத்துக்கு இழுத்து வரும் அலுவலகம் அவளுடையது. "ஆஸ்பத்திரி, ஆராய்ச்சிக்கூடம், மருந்துக் கம்பெனி எல்லாம் எங்க ஊர்ல ஒரே தெருவுல இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. இத்தனைக்கும் அவளுடைய நாத்தனார் அங்கேதான் விஞ்ஞானி. என்ன வேலை என்று கேட்டால், "செல்லுக்குச் சாப்பாடு போடுறேன்" என்பாள். "சார்ஜ் போடவா இவ்வளவு படிச்சே?" என்று வீடே சிரிக்கும்.

அன்றைக்கு இதய மருத்துவர்கள் சங்கத்தின் தலைவர் இடம் பார்க்க வந்திருந்தார். நரைத்த தலை, அளந்து பேசும் வாய். பெரிய அரங்கைக் காட்டினாள், "ம்" என்றார். ஓட்டல் அறைகளுக்கும் அதே "ம்"தான். கடைசியில் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அரங்கம் எல்லா ஊர்லயும் இருக்கும்மா. எங்க டாக்டருங்க இங்க வந்தா புதுசா எதைப் பார்ப்பாங்க?"

தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆராய்ச்சிக்கூடம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. சட்டென்று வெளியே வந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"இப்பவேவா? சரி, கூட்டிட்டு வாங்க அண்ணி."

தெருவைக் கடந்தார்கள். வாசலிலேயே அங்கியும் கால் உறையும் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முகமூடிக்கு மேல் தெரிந்த கண்களை வைத்துத்தான் நாத்தனாரை அடையாளம் கண்டாள். வீட்டில் தொலைக்காட்சி முன்னால் தூங்கி வழிகிறவள், இங்கே சூடு மாறாத அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி வந்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள்.

"பாருங்க அண்ணி."

குனிந்து பார்த்தாள். மங்கலாக ஏதோ படலம். அது சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது. கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"என்னடி இது, உயிரா?"

"இதயத்தோட செல்லு. எதிர் ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. துடிப்பு அப்பப்போ தப்புது. அவ கையில பொட்டளவு தோல் எடுத்து, இப்படி இதய செல்லா மாத்தியிருக்கோம். எந்த மருந்து ஒத்துக்கும்னு முதல்ல இதுல போட்டுப் பார்ப்போம்."

"துடின்னு யார் சொன்னாங்க இதுக்கு?"

"யாரும் சொல்லல அண்ணி. மூளை இல்ல, நரம்பு இல்ல. தானா ஆரம்பிச்சுது."

மருத்துவர் குனிந்தார். துடிப்பு நொண்டுவது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நாத்தனார் மருந்தைத் துளியாக விட்டாள். மூவரும் துடிப்பைக் கோடாகக் காட்டும் திரைப் பக்கம் குனிந்து காத்திருந்தார்கள். திரையில் கோணல்மாணலாக ஓடிய கோடு மெல்ல மெல்லச் சீராகி, சின்னச் சின்ன அலைகளாக வரிசை கட்டியது.

அவர் நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"தலை நரைக்கிற வரைக்கும் இதயத்தையே பார்த்தவன் நான். அது ஒரு தட்டுல தானா துடிக்கிறதைப் பார்த்ததே இல்ல" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "மாநாடு இங்கதான். ஒரு நாள் முழுக்க இந்தத் தெருவுக்கு ஒதுக்கிடுங்க."

எது மிகவும் பொருந்தும் என்று மேலும் பல மருந்துகளைச் சோதித்த பிறகே அந்தச் சிறுமிக்குச் சிகிச்சை தொடங்கியது. மாநாட்டுக்கு முன்பே அவள் தேறி வீடு திரும்பினாள். மாநாட்டுக்கு வந்த மருத்துவர்கள் ஆராய்ச்சிக்கூட வாசலில் கால் உறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கடைசி ஆளாக, மாநாட்டை ஊருக்கு இழுத்து வந்த அவளும் நின்றாள்.

"நீங்கதான் பார்த்துட்டீங்களே அண்ணி!"

"சும்மா இருடி. இன்னொரு தடவை பார்க்கணும்."