மூன்றாம் கோர்ட்டில் வாக்கோவர்

பேட்மிண்டன் ஆடுகிற பிள்ளைகள் அவரை மைக் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள் தண்ணீர் வாரியத்தில் கிளார்க். சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஓர் உள்ளரங்கில், போட்டி மேஜைக்குப் பின்னால், கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சும் கையில் மைக்குமாக உட்கார்ந்திருப்பார். இருபது வருஷமாகியும் இந்தப் பைத்தியம் அவருக்குத் தெளியவில்லை.

வாக்கோவர் என்ற வார்த்தையை யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் போச்சு, மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இருபத்தொன்றுக்கு மூன்று என்று ஒருவன் ஜெயித்ததைப் பத்திரிகையில் வாக்கோவர் என்று போட்டால், அன்றைக்கே அந்த ஆபீசுக்குப் போன் போகும். "ஆடி ஜெயிச்சா அது எப்படிய்யா வாக்கோவர்? எதிராளி வரவே இல்லேன்னாதான் வாக்கோவர். தோத்தவன் அங்க நின்னு வேர்வை சிந்தியிருக்கான், அவனைப் போய் வராதவன் கணக்குல சேர்க்கிறீங்களே!" என்று பிடிபிடியென்று பிடிப்பார். காது கொடுக்க ஆள் கிடைத்தால் குதிரைப் பந்தயம் வரைக்கும் போய்விடுவார். பந்தயத்துக்கு ஒரே ஒரு குதிரைதான் வந்தது என்றாலும், அது பாதை முழுவதையும் நடந்தாவது கடந்தால்தான் பரிசாம். அப்படி வந்த வார்த்தையாம் இது. அதனால்தான் இன்றைக்கும் வாக்கோவரில் ஜெயிக்கிறவர் மட்டையோடு கோர்ட்டில் வந்து நிற்க வேண்டும் என்பார். பிள்ளைகள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டும்.

அன்றைக்கு மாவட்ட ஜூனியர் அணித் தேர்வு. ஜெயித்தால் அவருடைய ஒரே மகளுக்கு அணியில் இடம். தோற்றால் அவ்வளவுதான், ஏனென்றால் அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடுகிறது. எட்டு வயதிலிருந்து இதற்காகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஆட்ட அட்டவணையில் நேரம் போடும் வழக்கம் கிடையாது. எந்தக் கோர்ட்டில் எத்தனையாவது ஆட்டம் என்பது மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று காலை எட்டரைக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். மைக் மாமாவுக்கு அந்தப் பயமெல்லாம் ஏது? மகளுக்கு மூன்றாம் கோர்ட்டில் நான்காவது ஆட்டம். முதல் நாள் மூன்று ஆட்டம் ஆடிக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். "ஒன்பதுக்கு ஆரம்பிச்சாலும் உன் முறை வர பதினொண்ணாயிடும். நல்லா தூங்கிட்டு பத்தரைக்கு அம்மாவோட வா. இருபது வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர் அவர்தான்.

முதல் ஆட்டம் அரை மணியில் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு ஒரு பெண் வரவில்லை. முதல் அழைப்பு, இரண்டாவது நிமிடத்தில் இரண்டாம் அழைப்பு, ஐந்தாவது நிமிடத்தில் மூன்றாம் அழைப்பு, பிறகு வாக்கோவர். அதுதான் விதி. ஒன்றரை நிமிடம் கழித்து அந்தப் பெண் தலைதெறிக்க ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா. "சார், ஆட்டோ கெட்டுப்போச்சு சார்" என்று அந்த அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ரூல்ல ஆட்டோ இல்லம்மா" என்றார் மைக் மாமா. சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்பது நிமிடம் ஓட வேண்டிய ஆட்டம் போய்விட்டது, வரிசை முன்னால் நகர்கிறது. அவசரமாக மனைவிக்குப் போன் போட்டார். "உடனே கிளம்புங்க. குளிக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." மூன்றாவது ஆட்டமாவது இழுக்கும் என்று பார்த்தால், அந்தப் பாவிகள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மணி பத்து பத்து.

மைக்கை அழுத்தி மகளின் பெயரையும் எதிராளியின் பெயரையும் சொன்னார். எதிராளி, ஒரு நெட்டைப் பெண், ஏற்கெனவே கோர்ட்டில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். இவர் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டு மேஜைக்கடியில் போனை எடுத்தார்.

"ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டோங்க" என்றாள் மனைவி. "கூட்ஸ் வண்டி, நகரவே மாட்டேங்குது."

"இறங்கி ஓடச் சொல்லு!"

"அவ அப்பவே இறங்கிட்டா. கேட்டு ஓரமா நிக்கிறா. வண்டிக்கடியிலயா போகச் சொல்றீங்க?"

இரண்டாம் அழைப்பைச் சொன்னார். தலைமை நடுவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "உங்க பொண்ணுன்னு தெரியும். இது உங்க மேஜை. நான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போறேன்." ஸ்டாப்வாட்ச்சை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்த முடியவில்லை. அது நேர்மையா, இல்லை சற்று முன்பு ஆட்டோவுக்கு ரூல் சொன்ன வாய்க்குப் பயந்த பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது பெஞ்சிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தாள், ஆட்டோ கெட்டுப்போன அம்மா. திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பொறுங்க சார். வந்துடுவா. குழந்தைங்க பாவம் சார்" என்றாள்.

அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. "முடியாதும்மா" என்றார். மூன்றாம் அழைப்பைச் சொன்னார். அரங்கம் முழுக்க மகளின் பெயர் கேட்டது, பதில் கொடுக்க ஆளில்லை. நெட்டைப் பெண் மட்டையோடு வலைக்கு முன்னால் தனியாக நின்றாள். சந்தோஷப்படுவதா கூடாதா என்று தெரியாமல் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் மாமா தாளை இழுத்து, மகளின் பெயருக்கு நேரே அந்த வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று நிமிடம் கழித்து அவள் வந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, நடக்கும்போதே பையிலிருந்து மட்டையை உருவிக்கொண்டு. "எந்தக் கோர்ட்டுப்பா? மூணுதானே?"

டீ குடிக்கப் போன நடுவர்தான் திரும்பி வந்து, "முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

அவள் தாளைப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, சோறூட்டும்போதே கேட்டு வளர்ந்தவள். "கேட்டுலேருந்து ஓடியே வந்தேம்பா" என்றாள். "எங்கயும் நிக்கலை." அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் சொன்ன பத்தரைக்கும் முன்னாலேயே வந்து நிற்கிறாள்.

"சார், அடுத்த ஆட்டம்" என்று யாரோ நினைவூட்டினார்கள். ஐந்தாவது ஆட்டத்துக்கான இரண்டு பெண்களும் கோர்ட் ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். மைக் மாமா தாளைத் திருப்பி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அழைத்தார். வந்தது மகளின் பெயர்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. நான்காம் அழைப்பு என்று எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. தான் அழைத்த பெயர் அவருக்கே காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மறுபடியும் அவள் பெயரையே அழைத்தார்.

மகள் எட்டி மைக்கைத் தன் கையால் பொத்தினாள்.

"அப்பா, இங்கதாம்பா இருக்கேன்."