மெழுகிய தரை

அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்துவிட்டு வந்த ரஷீதா, போகிற போக்கில் மெஷினை அணைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் கையை நீட்டினாள். சுவிட்சை எட்டுவதற்கு முன்னால் கைப்பிடியில் உள்ளங்கை பட்டது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கண் தெளிந்தபோது சாக்குமூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலைமுக்காடு எங்கோ கிடந்தது. உடம்புக்குள் யாரோ உலக்கையால் ஓங்கி இடித்தது போல தோள்பட்டை கடுத்தது. புருஷன் நாகூர் கனி விளக்குமாற்றுக் கட்டையால் மெயினைத் தட்டிவிட்டு, இரைக்க இரைக்க அவள் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"ஏளா, ஈரக் காலோட எதுக்குளா மெசினத் தொட்டே? செருப்பு எங்க?"

ஒளு எடுக்கிறவள் செருப்போடா எடுப்பாள்? உள்ளங்கையில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைச் சூட்டுப்புண்.

தாராவியில் கொசு கடிக்காத ஆளும் கிடையாது, கரண்டு கடிக்காத ஆளும் கிடையாது. அந்தச் சந்தில் இருக்கிற பட்டறைகளில் எந்த மெஷினைத் தொட்டாலும் லேசாகச் சுர்ரென்று பிடிக்கும். அதனால்தான் எல்லா மெஷினுக்கும் முன்னால் ஒரு பலகை. காலில் ரப்பர் செருப்பு. எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, மழைக்குக் குடை பிடிப்பது மாதிரி. மில் ஸ்டிரைக்கில் வேலை போய், பஞ்சுத் தூசி அடைத்த நெஞ்சோடு நாகூர் கனி இந்தப் பட்டறையைப் போட்ட நாளிலிருந்து ரஷீதாவும் அந்தப் பலகையில்தான் நின்று வேலை செய்கிறாள். இன்றைக்கு மாதிரி ஒரு நாளும் வாங்கியதில்லை.

அவர் மெயினை மறுபடி போட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பாக எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு மேல் அச்சைக் கழற்றினார். சூடேற்றுகிற காயிலுக்கு அடியில், கரண்டு இரும்பில் இறங்காமலிருக்க வைத்திருந்த மைக்காத் தகடு அப்பளம் போல நொறுங்கிக் கிடந்தது. குர்லாவில் சல்லிசாகக் கிடைத்ததென்று கட்டாக வாங்கி வந்த மைக்கா.

"முதல் மெசினுக்கும் இதத்தான போட்டீக?" என்றாள் ரஷீதா.

அவர் டெஸ்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

முதல் மெஷின் முந்தாநாள் டெம்போ ஏறிவிட்டது. கல்யாணுக்கு அப்பால், முர்பாட் தாண்டி, மலைமேல் இருக்கிற ஒரு காத்கரிப் பழங்குடிக் குடியிருப்புக்கு. அங்கே பெண்கள் காட்டில் புரச இலை பறித்து, ஈர்க்குச்சியால் தைத்து, வியாபாரி சொன்னதுதான் விலை என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். மாட்டுங்காவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிற ஷ்யாமளா மேடம், வாராவாரம் தாதர் மார்க்கெட்டில் இலைக்கு என்ன விலை என்று விசாரித்து அந்த ஊர் வாத்தியாருக்குக் கார்டு போட ஆரம்பித்தாள். கார்டு வந்த பிறகு வியாபாரியின் வாய்ச்சாலம் குறைந்தது. அடுத்து இந்த மெஷின். இரண்டு இலையைச் சூடான அச்சுக்கு நடுவில் வைத்து அமுக்கினால், விளிம்பு எழும்பிய தட்டாக வந்துவிடும். மாட்டுங்காவின் கல்யாண மண்டபங்கள் அப்படித் தட்டைத்தான் கேட்டன. அதை ஓட்டப் பழகிக்கொண்டு போக மங்லி என்ற பெண்ணையும் மேடம் தாராவிக்கு அனுப்பியிருந்தாள்.

மங்லிக்குச் சொல்லிக்கொடுத்தது ரஷீதாதான். இலை காய்ந்தால் உடையும், ஈரக் கையால்தான் தொடவேண்டும் என்று சொன்னாள். வெறுங்காலோடு நின்றவளிடம் தன் பழைய செருப்பைக் கொடுத்து, "லோஹா லகேகா," இரும்புத்தூள் குத்தும் என்று தரையைக் காட்டினாள். தரையில் எப்போதும் இரும்புச் சீவல் கிடக்கும். அதற்குத்தான் செருப்பு என்று சொன்னாள். கரண்டுக்கு என்று சொல்லவே இல்லை. தனக்கே தோன்றாததை எப்படிச் சொல்வாள்?

அப்போதுதான் பக்கத்து வெல்டிங் பட்டறை பூலோகம் தட்டில் பொரிகடலையும் சுண்டலுமாக வந்தான். அன்றைக்கு ஆயுத பூஜை. அவன் பட்டறையைக் கழுவிவிட்ட தண்ணீர் வாசல் தாண்டிச் சந்து முழுக்க ஓடியது. நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லை.

"எக்கா, எடுத்துக்கோங்க. என்ன மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"ஒன் மெசினுக்கெல்லாம் மெயின அணச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"அணைக்காமலா? இன்னைக்குப் பூச வச்சு மூடியாச்சு. நாளைக்கு விஜயதசமிலா, தேங்காய ஒடச்சு ஒரு ஓட்டு ஓட்டிரணும்."

ரஷீதாவின் கையில் வாங்கிய பொரி அப்படியே நின்றது. டெம்போவில் மெஷினை ஏற்றின அன்று ஷ்யாமளா மேடம் சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. 'தசராவுக்கே ஆரம்பிச்சுடலாம், ரஷீதா. பேங்க் மேனேஜரையும் ஜீப்ல அழைச்சிண்டு வரேன். தேங்கா, புஷ்பம் எல்லாம் மாட்டுங்கா மார்க்கெட்லேர்ந்து நேத்தே குடுத்து அனுப்பிச்சுட்டேன்.'

தேங்காய் உடைப்பார்கள். தண்ணீர் தெளிப்பார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நனைந்த கையோடு, அத்தனை பெண்களும் அந்தக் கைப்பிடியைத் தொட்டுக் கும்பிடுவார்கள். தங்கள் பட்டறையில் புது மெஷின் வந்தால் ஒரு பாத்திஹா ஓதிச் சீனி கொடுப்பதோடு சரி. அங்கே எப்படி ஆரம்பிப்பார்கள் என்று அவளும் நினைத்துப் பார்க்கவில்லை, அவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பூலோகம் போன பிறகு நாகூர் கனி மெல்லிய குரலில் சொன்னார்: "எல்லா மைக்காவும் நொறுங்கிருக்கணும்னு இல்லளா. தசரா முடியட்டும். நான் கமுக்கமாப் போயி மாத்திட்டு வந்துருதேன். பேங்க் மேனேஜர் முன்னால மெசின் சரியில்லன்னு போயி நின்னோம்னு வையி, இனிமே எந்தக் காட்டுக்காரனும் நம்மகிட்ட வரமாட்டான்."

"ஒண்ணு நொறுங்கிருந்தா?"

"தந்தி அடிப்போம்."

"மலைமேல யாரு கொண்டுபோயி குடுப்பா, அதுவும் தசரா அன்னைக்கு? வாத்தியாரும் லீவுல ஊருக்குப் போயிருப்பாரு." அவள் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "மெசின் செத்தா இன்னொண்ணு செய்யலாம் மச்சான்."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கு ஓடினார். ஓட்டம் என்ன ஓட்டம், நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குகிற ஓட்டம். ஷ்யாமளா மேடத்தின் வீடு பூட்டியிருந்தது. மத்தியானமே கல்யாணில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கிருந்து ஜீப்பில் போவாள் என்று மாடிவீட்டுக்காரர்கள் சொன்னார்கள். தங்கை வீட்டு விலாசம் அவர்களுக்கும் தெரியவில்லை.

விடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சயானில் ரயிலேறினார்கள். தசரா என்பதால் பெட்டிகளுக்கெல்லாம் சாமந்தி மாலை. பெண்கள் பெட்டியில் யாரோ ஊதுபத்தி ஏற்றிப் பேடா கொடுத்தார்கள். முகம் தெரியாத ஒருத்தி ரஷீதாவின் கையில் ஓர் ஆப்டா இலையைத் திணித்து, "சோனா" என்று சிரித்தாள். தசராவுக்கு அந்த இலைதான் பொன். அவளும் சிரித்து வைத்தாள். இலையும் காட்டிலிருந்து வந்ததுதானே, மங்லி மாதிரி யாரோ ஒருத்தி பறித்ததுதானே என்று நினைத்தவுடன் சிரிப்பு போய்விட்டது. பயம் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அது அப்படி இல்லை. பல்லுக்குள் கூசிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும்போது இறங்கித் தள்ளலாமா என்று இருந்தது.

கல்யாணில் எஸ்.டி. பஸ் பிடித்து, மலைப்பாதை பிரிகிற இடத்தில் இறங்கினார்கள். மெஷின் அளவுக்கு இடம் பார்க்க வந்தபோதும் நாகூர் கனியால் அந்த ஏற்றத்தில் ஏற முடியவில்லை. ரஷீதாதான் மேலே போய்ப் பார்த்து வந்தாள். இப்போதும் அவர் மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் இங்கனயே நிக்கேன். ஜீப்பு வந்தா மறிச்சுருதேன். நீ போ." பிறகு, அவள் திரும்பியதும், "ஏளா, செருப்பக் கழட்டிராத," என்றார்.

ஜீப் முன்னமே போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று தெரியவில்லை. சக்கரத் தடம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினாள். மழைக்காலத்துப் புல் காய்ந்து இரண்டு பக்கமும் இடுப்பளவு நின்றது. தனியாக ஒரு பெண்பிள்ளை காட்டுக்குள் நடக்கிறோமே என்கிற பயம் ஒன்று வரவேண்டும். அது வருவதற்கு இடமே இல்லை. மேலே மேளம் கேட்டது. மேளம் அடிக்கிற வரைக்கும் பூஜை நடக்கிறது, பூஜை நடக்கிற வரைக்கும் மெஷின் ஓடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். அடி, அடி, நிறுத்திவிடாதே என்று முகம் தெரியாத அந்த மேளக்காரனிடம் கெஞ்சினாள். அல்லாவிடமும் அதையேதான் கேட்டாள்.

பாதி ஏற்றத்தில் மேளம் நின்றது.

அதற்கப்புறம் எப்படி ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஒரு தடவை விழுந்தாள், முழங்கை உரிந்தது. அலறல் ஏதாவது கேட்குமோ என்று காது பின்னாலும் முன்னாலும் அலைந்தது. ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

ஊர்ப்பொதுக் கொட்டகை வாசலில் செருப்புகள் கிடந்தன. ஜீப்பைக் காணோம். உள்ளே பெண்கள் கூட்டம். நடுவில் மெஷின், சாமந்தி மாலை, மஞ்சள், குங்குமம், பக்கத்தில் உடைந்த தேங்காய். சாணி மெழுகிய தரை இன்னும் காயவில்லை, தேங்காய்த் தண்ணீரும் அதில்தான் ஓடியிருந்தது. புதுச்சேலை கட்டிய மங்லி கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, எல்லாரையும் போல மேலே தொங்குகிற பல்பைப் பார்த்தபடி நின்றாள். பல்பு எரியவில்லை. கரண்டுக்குக் காத்திருந்தார்கள்.

ரஷீதா செருப்புக் காலோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்கள். மெழுகிய தரையில் ரப்பர் செருப்பின் தடம், வாசலிலிருந்து பூஜை வைத்த மெஷின் வரைக்கும்.

அவள் பேசப் பார்த்தாள். மூச்சுதான் வந்தது. "கரண்ட்..." என்றாள், அதற்கு மேல் அந்த இரைப்பில் இந்தி அகப்படவில்லை. மங்லி பல்பைக் காட்டி, காலையிலிருந்தே இல்லை, வந்துவிடும், உட்காருங்கள் தீதி என்று அரைகுறை இந்தியில் சமாதானம் சொன்னாள். ரஷீதா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். உள்ளங்கையை விரித்துச் சூட்டுப்புண்ணைக் காட்டி, மெஷினைக் காட்டினாள். மங்லி அந்தக் கையைத் தன் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைத் திருப்பி, தாராவியில் அச்சுச் சூடு பட்டு ஆறிப்போன தழும்பைக் காட்டினாள். 'எனக்கும்தான்' என்பது போலச் சிரித்தாள்.

ரஷீதா சட்டென்று செருப்பைக் கழற்றி மங்லியின் கால்களுக்கு முன்னால் வைத்தாள்.

"யே பெஹ்னோ. பெஹ்ன்கே ஹி ஹாத் லகாவ்!" போட்டுக்கொள், போட்டுக்கொண்டுதான் தொடவேண்டும் என்று கத்தினாள். கத்தலில் பாதி இருமல்.

மங்லிக்கு இப்போது புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது.

"இதர் லோஹா நஹி, தீதி," என்றாள். இங்கே இரும்புத்தூள் கிடையாது. காலையில்தான் எல்லாரும் சேர்ந்து மெழுகினோம் என்று தரையைப் பெருமையோடு கையால் தடவிக் காட்டினாள். பிறகு குனிந்து அந்தச் செருப்புகளை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே வரிசையில், ரஷீதா முன்பு கொடுத்த அந்தப் பழைய செருப்பு கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் இவற்றையும் ஜோடி சேர்த்து வைத்தாள்.

பல்பு எரிந்தது.

கூட்டம் ஓவென்று கூவியது. மேளக்காரன் மறுபடி அடிக்க ஆரம்பித்தான். மங்லி ஓட்டமாக வந்து பானைத் தண்ணீரில் கையை நனைத்து, ஓர் இலையை எடுத்து அச்சில் பரப்பினாள். பிறகு சொட்டச் சொட்ட அந்தக் கையைப் பிளக்குக்காக நீட்டினாள். ரஷீதா பிளக்கை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். வெறும் பாதங்களுக்கு அடியில் தரையின் ஈரம் சில்லென்று ஏறியது.