தரையில் வைத்த கோலிகள்

தீடா மன்ஜாங் மறைப்புக்குள் போய் வெகுநேரமாகியும் மணி அடிக்கவில்லை.

பேனாவை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். வாக்குச்சாவடியில் எங்கள் வேலையில் பாதி காதுக்குத்தான். வாக்காளரின் விரலில் மை வைத்ததும் ஒரு கண்ணாடிக் கோலியைக் கையில் கொடுப்போம். மறைப்புக்குள் போய், தனக்கு வேண்டியவரின் படம் ஒட்டிய தகர டிரம்மில் அதைப் போட வேண்டும். கோலி குழாய் வழியே இறங்கி, உள்ளிருக்கும் மணியில் பட்டு ஒரே ஒரு முறை ‘டிங்’ என்னும். இரண்டு முறை கேட்டால் யாரோ திருட்டுக் கோலி கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். ஒரு முறைகூடக் கேட்காவிட்டால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தீடா வெளியே வந்தாள். வலது கை மூடியிருந்தது.

“போட்டாச்சா தீடா?”

“இல்ல டீச்சர்.”

“ஏன், குழாய் அடைச்சுக்கிச்சா?”

“குழாய்க்கு ஒண்ணுமில்ல. நான்தான் போடல. வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த இரண்டு கட்சி முகவர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். காலையிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

நான் சிரா கன்யி. பாரோகுண்டா பள்ளியின் தலைமையாசிரியையாக வந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. அன்று நாடாளுமன்றத் தேர்தல். சாவடிக்கு நானே பொறுப்பதிகாரி. தீடாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஊர்ப் பெண்களின் உழவுக் குழுவுக்குத் தலைவி. எங்கள் ஊரில் மேட்டு நிலமும் வேர்க்கடலையும் ஆண்களுடையவை. ஆற்றோரச் சதுப்பும் நெல்லும் பெண்களுடையவை. தாய்க்குப் பின் மகளுக்கு என்று வயல் கைமாறும்.

நாடு என்று நாங்கள் சொல்வதே ஒரு ஆற்றின் இரண்டு கரைகளைத்தான். மழைக்காலத்தில் ஆறு கடலுக்குப் போகும். மற்ற மாதங்களில் கடல் ஆற்றுக்குள் வரும். மழை குறையக் குறைய அது ஓடைகளில் ஏறி வயலுக்கே வந்துவிட்டது. நான் வந்த புதிதில் பள்ளிச் சமையலுக்கு ஊர்ப் பெண்கள் சிவப்பரிசி கொண்டுவந்து கொட்டுவார்கள். இப்போது துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு நொய்யரிசி மூட்டையை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன். ஓடையின் வாயில் ஒரு கரையும் மதகும் போட்டால் உப்புநீர் உள்ளே வராது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்று தேர்தலாக அதைப் போடுவதாகச் சொல்லித்தான் ஒவ்வொருவரும் ஜெயித்தார்கள்.

“தீடா, கோலிய வெளிய கொண்டுபோகக் கூடாது. சட்டம்,” என்றேன்.

“யாரு கோலி இது?”

“அரசாங்கத்தோடது.”

“அப்ப ஏன் எங்கிட்ட குடுத்தீங்க? ‘இது உன் வாக்கு, உன்னோடது, யாருக்கும் பயப்படாதே’ன்னு போன வாரம் நீங்கதானே மரத்தடியில நின்னு பாடம் எடுத்தீங்க. என்னோடதுன்னா எப்போ குடுக்கணும்னு நான்தானே சொல்லணும்? கரையப் போட்டுட்டு வரட்டும். குடுக்குறேன்.”

ஆளுங்கட்சி வேட்பாளரின் முகவர் மலாங் விரலை நீட்டினான். “டீச்சர், இது குத்தம். போலீஸ்காரரே, சும்மா நிக்கிறீங்க?”

“நான் என்ன பண்ணட்டும்? அவங்க என் மாமியாரோட தங்கச்சி. கையப் பிடிச்சு முறுக்கினா ராத்திரி எனக்கு யாரு சோறு போடுவா?” என்றார் காவலர்.

வரிசை சிரித்தது. தீடா சிரிக்கவில்லை.

“மலாங், போன தடவ உங்காளு சர்வே பண்ண ஒருத்தன அனுப்பினாரே, ஞாபகம் இருக்கா? அவன் நட்டுட்டுப் போன குச்சியில என் ஆட்டக் கட்டியிருக்கேன். ஆடு குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டாச்சு. கரையக் காணோம்.” பிறகு மற்ற முகவர் கெப்பாவின் பக்கம் திரும்பினாள். “நீ என்னத்துக்குப் பல்லக் காட்டுற? அதுக்கு முந்தின தடவ உங்காளுதான்.”

வேடிக்கை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்ததாக உள்ளே போன பெண்ணும் மணிச்சத்தம் இல்லாமல் கையை மூடிக்கொண்டு வந்து தீடாவின் பக்கத்தில் நின்றாள். அதற்கடுத்தவளும். இது தீடாவுக்கு அந்த நிமிடத்தில் தோன்றியதல்ல. பெண்கள் முன்பே பேசிவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடம் கூட இருந்தும், எனக்குச் சொல்லாமல் பேசிவைத்திருக்கிறார்கள். அது கொஞ்சம் வலித்தது.

பயமும் வந்தது. வெளியே போன கோலி எங்கே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒருவன் பத்துக் கோலியை வாங்கிச் சேர்த்து உள்ளே கொண்டுவந்தால் போதும். கொடுத்த கணக்கும் கிடைத்த கணக்கும் ஒத்துப்போகாமல் பாரோகுண்டாவின் மொத்த வாக்கும் ரத்தாகிவிடும். காலையில் தடியூன்றி வந்து போட்டுவிட்டுப் போன கிழவர்களின் வாக்கும் சேர்ந்தே போகும். அதை அவளிடம் சொன்னேன்.

“ரத்தானா ஆகட்டும். எங்க வயலு ரத்தானப்ப யாரு வந்து கேட்டா?” என்றாள்.

விதி என்ன சொல்கிறது என்று முகவர்கள் இருவரும் கேட்டார்கள். வாக்குப்பதிவைக் கால் மணி நேரம் நிறுத்தினேன். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் ஒரு சின்னப் பத்தி இருந்தது. மறைப்புக்குள் டிரம்முக்கு வெளியே, மேலேயோ தரையிலோ கிடக்கும் கோலி யாருக்கும் சேராது. அதைத் தனியே எண்ணி, எண்ணிக்கையை முடிவுத் தாளில் எழுத வேண்டும். வழக்கமாக ஒன்றோ இரண்டோ கிடக்கும், கண் தெரியாதவர்கள் தவறவிட்டது.

இரண்டு முகவர்களையும் காவலரையும் தீடாவையும் கூப்பிட்டு அந்தப் பத்தியை எங்கள் மண்டிங்கா மொழியில் உரக்கப் படித்தேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. படித்துவிட்டு, “கோலியோட யாரும் சாவடியச் சுத்திக் கட்டின இந்தக் கயித்தத் தாண்டக் கூடாது. மத்தது அவங்கவங்க இஷ்டம்,” என்று மட்டும் சொன்னேன்.

அதைப் படித்திருக்க வேண்டுமா, வேண்டாமா? இன்றுவரை இரண்டு பக்கமும் எனக்கு நியாயம் தெரிகிறது. முகவர்கள் இருவரும் விதி கேட்டார்கள், படித்தேன் என்று சொல்லலாம். எந்தப் பத்தியைப் படிப்பது என்று தேர்ந்தெடுத்தது நான்தான் என்றும் சொல்லலாம்.

தீடா என் முகத்தையே பார்த்தாள். மூடிய கையைத் திறக்க அவளுக்கு மனமில்லை. பக்கத்தில் நின்ற பெண் அவள் காதில் ஏதோ சொன்னாள்.

“எழுதுவீங்களா? எத்தனைன்னு?” என்று தீடா என்னைக் கேட்டாள்.

“எழுதித்தான் ஆகணும்.”

“தலைநகரத்துல படிப்பாங்களா?”

“எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் தாளையே ஏத்துக்குவாங்க. படிச்சுத்தான் ஆகணும்.”

அவள் மீண்டும் மறைப்புக்குள் போனாள். சத்தமில்லாமல் திரும்பி வந்தபோது கை விரிந்திருந்தது. உள்ளங்கையில் கோலி அழுந்திய வட்டம் மட்டும் இருந்தது. என்னைப் பார்க்காமல் கயிற்றைத் தாண்டிப் போனாள்.

மதியத்துக்கு மேல் மறைப்புக்குள்ளிருந்து சில சமயம் மணி கேட்டது, பல சமயம் கேட்கவில்லை. மணி கேட்காத ஒவ்வொரு முறையும் மலாங் உச்சுக்கொட்டினான். ஐந்து மணிக்குச் சாவடியை மூடி, எல்லோர் முன்னிலையிலும் மறைப்பை விலக்கினோம். கோலிகளை எறிந்திருப்பார்கள், உருண்டு கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மணலில் விரலால் சின்னச் சின்னக் குழி போட்டு, ஒரு சாண் இடைவெளியில், வரிசை வரிசையாகப் பதித்திருந்தார்கள். நாற்று நடும் இடைவெளி அது. முதலில் போனவள் தொடங்கியதை, பின்னால் வந்த ஒவ்வொருத்தியும் கோடு தப்பாமல் தொடர்ந்திருக்கிறாள்.

கெப்பாதான் முதலில் பேசினான். “எங்கம்மாவும் வச்சிருப்பா,” என்றான்.

தொண்ணூற்றாறு. எழுதினேன். முகவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தொகுதி முடிவு மறுநாள் வானொலியில் வந்தது. மலாங்கின் ஆள் ஐம்பத்தெட்டு வாக்கில் தோற்றிருந்தார். கெப்பாவின் ஆள் ஐம்பத்தெட்டில் ஜெயித்திருந்தார். தரையில் இருந்தது தொண்ணூற்றாறு என்ற செய்தி ஓடை ஓடையாகப் பரவியது. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து தீடாவைப் பார்க்கப் போனேன். அவள் முற்றத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

“உக்காருங்க,” என்றாள். இன்னொரு பிடி கடலையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, “என் வாக்க என் கையாலயே தரையில வைக்க வச்சிட்டீங்களே டீச்சர்,” என்றாள்.

“ஊர் வாக்கு மொத்தமும் போயிருக்கும் தீடா.”

“தெரியுது. நீங்க சொன்னது சரிதான். ஆனா எனக்கு அத வீட்டுக்குக் கொண்டுவரணும். மூணு தடவ போட்டுட்டு வெறுங்கையோட வந்தேன். இந்தத் தடவ எதையாவது கையில வச்சுக்கிட்டு வரணும்னு இருந்துச்சு. நாலாவது தடவையும் வெறுங்கைதான்.”

எண்ணிக்கை தலைநகரம் போயிருக்கிறது என்றேன். “எண்ணிக்கை போயிருக்கு. நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள். பிறகு ஒரு கை நிறையக் கடலையை என் முன் தள்ளிவைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜெயித்தவர் மூன்றாவது வாரமே ஊருக்கு வந்தார். கொடியும் மேளமும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தீடாவுக்குப் பின்னால் உப்புப் பூத்த வயல்களில் மத்தியானம் முழுக்க நடந்தார். அடுத்த உலர்காலத்தில் பொறியாளர் ஒருவர் வந்தார். மண் சுமக்கப் பெண்கள் குழுவே இறங்கியது. இரண்டு மழைக்காலம் கழிந்து, ஓடையின் வாயில் கரை எழுந்தது. மதகு வந்ததும் மீன்பிடிக்கிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஓடையை அடைத்தால் இறால் எங்கே போகும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எந்த மாதம் திறப்பது, எந்த மாதம் அடைப்பது என்று பதினேழு கூட்டம் நடந்ததாம்.

‘நடந்ததாம்’ என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நான் அங்கில்லை. தேர்தல் முடிந்த ஆறாம் மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாக்காளருக்கு யோசனை சொன்னதாக என்மேல் ஒரு புகார். விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தண்டனை என்று எதுவும் எழுதவில்லை. ஆற்றில் இருநூறு மைல் மேலே, உப்பு எட்டாத ஒரு ஊருக்கு மாற்றல் மட்டும் வந்தது. நான் பெட்டி கட்டிய அன்று பாரோகுண்டாவில் பாதி ஊர் வழியனுப்ப வந்தது. தீடா வரவில்லை.

நான்காம் வருடம், மழைக்கு முன்னால், அவளே என் வாசலில் வந்து நின்றாள். இரண்டு நாள் வேனிலும் படகிலும் வந்திருக்கிறாள். விதைக்கு வந்ததாகச் சொன்னாள். உப்பு ஏறிய வருடங்களில் அவர்களுடைய விதைநெல் முழுக்கப் போய்விட்டது. மேலாற்றுப் பெண்களிடம் பழைய சிவப்பு ரகம் இருக்கிறதாமே, கேட்டுத் தருகிறீர்களா என்றாள்.

நான்கு நாள் என் வீட்டில் தங்கினாள். என் வேர்க்கடலைக் குழம்பில் உப்பில்லை என்றாள். என் பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவு சரியில்லை என்றாள். இங்குள்ள பெண்களோடு வயலில் இறங்கி, கொஞ்சம் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள்.

“இவ்வளவு நல்ல தண்ணி. இவங்களுக்கு இது தெரியவே தெரியாது,” என்றாள்.

“உங்க வயல் எப்படி இருக்கு?”

“கடன் வாங்கின விதைய வச்சு மூணுல ஒரு பங்கு நட்டோம். மிச்சம் இன்னும் வெள்ளையாத்தான் கெடக்கு. மழை அலசி அலசி எடுக்கணும். என் வயலு ஓடைக்குப் பக்கம். அது கடைசியாத்தான் வரும். என் காலத்துல வருதோ என்னவோ.”

“வருத்தமா இல்லையா?”

“இருக்கு. ஆனா நட்டவளுங்க என் குழுதானே.”

ஐந்தாம் நாள் காலை விதை மூட்டையோடு வேன் நிறுத்தத்துக்குப் போனோம். மூட்டையைக் கூரைமேல் ஏற்றச் சொன்னார் ஓட்டுநர். அவள் மறுத்தாள். மழை வந்தால் நனையும் என்றாள். வானத்தில் மேகமே இல்லை என்றார் அவர். “உங்களுக்கு இது மூட்டை,” என்று சொல்லிவிட்டு, முன் இருக்கையில் ஏறி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அவள் முகம் மூட்டைக்கு மேல் பாதிதான் தெரிந்தது.

“வர்றேன் சிரா,” என்றாள். அதுவரை அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.