எட்டு மீட்டர்

தெருவில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. மண்ணுக்கடியில் போகும் கேபிளில் எங்கோ பழுது. எங்கே என்று கணக்குப் போட்டுச் சொல்வது அதே தெருவில் ஒரு வீட்டு மருமகளின் உத்தியோகம். கேபிளின் ஒரு முனையில் மின் துடிப்பை அனுப்பினால், அது அலையாக ஓடிப் பழுதில் முட்டித் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம் சொல்லலாம். அவளுடைய கம்ப்யூட்டர் மாடல் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்றது. காலி மனை ஓரமாகத் தோண்டினார்கள். கேபிள் குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தது.

"அடுத்த குழியும் தப்புன்னா உங்க மாடல மூட்ட கட்டி வைக்கச் சொல்லி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க மேடம். தெரு முழுக்கக் கிளறணுமாம்," என்றார் கேபிள் ஒட்டுகிற ஜாயின்டர்.

இரண்டு வருஷ உழைப்பு. அவள் வரிவரியாகத் தேடிப் பார்த்ததில் தப்பு அகப்பட்டது. கேபிளுக்குள் மூன்று கம்பிகளும் சடைப் பின்னலாக முறுக்கிக் கிடக்கின்றன. அலை அந்த முறுக்கோடு சுற்றிச் சுற்றிப் போகிறது. இவளோ நேராகப் போவதாக எழுதியிருந்தாள். நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அதிகம். கழித்தால் நானூற்று நாலு.

எட்டு மீட்டர் பின்னால் இருப்பது அவள் வீட்டு வாசல். போன மாதம், மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அங்கேதான் அவள் ஆறடி எர்த் கம்பியை மண்ணுக்குள் அடிக்க வைத்தாள். மறுபடி மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். கணக்குக்குத் தாட்சண்யம் கிடையாது.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மாடல் போகும்.

"நானூத்தி நாலு, அண்ணே."

ஜாயின்டர் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, கேட் முன்னால் நின்றார். "இது உங்க வீடு மேடம்."

"தெரியும். தோண்டுங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் அதற்கு நாலு ஆள் வைத்தாள். மூன்றடியில் கேபிள் தெரிந்தது. அதன் விலாவில் எர்த் கம்பி உரசியிருந்த இடம் கருகிக் கிடந்தது.

"ஒரு அடி கூடத் தப்பல மேடம்," என்றார் ஜாயின்டர், உண்மையான மரியாதையோடு.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெட்கம் அப்புறம் வந்தது. அதற்கும் பின்னால் மாமியார் வந்து குழியை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தக் கம்பி எதுக்குன்னு சொன்ன?"

தெருவே காது கொடுத்து நின்றது.

"பாதுகாப்புக்கு, அத்தை."