மூணுல ரெண்டு போனா

மேட்டேரி மதகுக்குப் பக்கத்தில் ஓர் அளவுக்கல் நிற்கிறது. நட்டது ஆபீஸ்காரர்கள். நட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்ததில்லை, அது வேறு கதை. கல்லின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் சைபர். அதற்கு மேலே அடிக்கு ஒரு சிவப்புக் கோடு, கீழே அடிக்கு ஒரு கறுப்புக் கோடு. ஊர் வயலுக்கெல்லாம் பாய்கிற மேல் மதகின் வாசல், சைபர் மட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் சிவப்பில் நின்றால் ஊருக்குச் சோறு. கறுப்புக்கு இறங்கிவிட்டால் மதகைத் திறந்து வைத்துக்கொண்டு வாயைப் பார்க்கலாம்.

கரையின் கிழக்கு மூலையில் இன்னொரு மதகு உண்டு. பள்ள மதகு. அது இன்னும் தாழ்வானது, கறுப்பில் நிற்கிற தண்ணீரையும் இழுத்துவிடும். அதன் வாயில் இருப்பது ராஜாராமின் கரும்புக் கொல்லை. ராஜாராம் பஞ்சாயத்துத் தலைவர், பத்தாவது படித்தவன், செஞ்சிக் கடைத்தெருவில் மாடி வீடு.

செபாஸ்தியான் அந்த ஏரிக்குக் கம்புக்கட்டி. மதகைத் திறப்பது, அடைப்பது, வாய்க்காலில் ஆளுக்கு ஆள் தண்ணீர் பிரிப்பது, எல்லாம் அவன் கை. பள்ளிக்கூடம் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. ஆனால் அந்தக் கல்லைத் தன் விரல் மாதிரி அறிவான்.

அறுபதாம் வருஷம் தை மாசம், அக்காள் செத்துப்போனாள் என்று அனந்தபுரத்துக்குப் போனான். போகும்போது தண்ணீர் மேலே மூன்று. பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் கீழே இரண்டு. ராஜாராம் கரும்பு மட்டும் கருகருவென்று நின்றது. செபாஸ்தியானுக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஊரைக் கூட்டினான்.

"அஞ்சடி எறங்கியிருக்குது. பள்ள மதகத் தொறந்துட்டான் எவனோ."

எவன் என்று சொல்லவில்லை. அவ்வளவு விவரம் அவனுக்கும் இருந்தது.

ராஜாராம் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினான். "யோவ், மொத எத்தனை? மூணு. இப்ப எத்தனை? ரெண்டு. மூணுல ரெண்டு போனா எத்தனைய்யா? ஒண்ணு. பத்து நாள் வெயில் ஓரடி குடிக்காதா? ஓரடிய அஞ்சடின்றான். இவன்கிட்ட மதகக் குடுத்து வெச்சிருக்கீங்க!"

ஏரி காலியானது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் பேனா வைத்திருந்தவன் ஒன்று என்று சொல்லிவிட்டான். பாதிப் பேருக்குக் கணக்கு தெரியாது. மீதிப் பேர் அவன் நிலத்தில் குத்தகை. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் இருந்தார். அவருக்குத் தெரியும். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவன் வாயைத் திறக்கவேண்டிய நேரத்தில் செருப்பைப் பார்ப்பான் என்பதை செபாஸ்தியான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

முதலில் சிரித்தவன் விநாயகம், ராஜாராமின் கணக்குப்பிள்ளை மாதிரி, கைத்தடி மாதிரி எல்லாம். "டேய் அஞ்சடி!" என்று கூப்பிட்டான். அதுவே பேராகிவிட்டது. மதகு போயிற்று. களத்தில் வருகிற மரக்கால் நெல் போயிற்று. அவன் பெண்சாதி ராயம்மாள் வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டப் போனாள். அங்கேயும் "அஞ்சடி பொண்டாட்டி வந்துட்டா." கைம்பெண் ஆண்டாளின் முக்கால் காணி கதிர் வாங்கும் சமயத்தில் காய்ந்து வைக்கோலாயிற்று.

ஆறு வருஷம். செபாஸ்தியானுக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. ராஜாராம் தெரியாமல் சொன்னானா, தெரிந்து சொன்னானா? தெரியாமல் என்றால் மடையன், விட்டுவிடலாம். தெரிந்து என்றால் விடக்கூடாது.

அறுபத்தாறில், ராஜாராம் வைத்த கம்புக்கட்டி மெட்ராசுக்கு ஓடிப்போனான். வேறு ஆள் அகப்படவில்லை. "அந்த அஞ்சடியவே கூப்புடு" என்றான் ராஜாராம். செபாஸ்தியான் போனான். கூப்பிட்டதற்காகப் போகவில்லை, கல்லுக்காகப் போனான்.

அந்த வருஷம் புரட்டாசி முடிந்தும் மழை இல்லை. ஏரிக்குள் களிமண் நன்றாக இருக்கிறது என்று ராஜாராம் அங்கேயே செங்கல் அறுக்கவிட்டான். அரிசி மில் கட்டப்போகிறானாம். முப்பதாயிரம் பச்சைக்கல், வரிசை வரிசையாக அடுக்கி, மழைக்குப் பனையோலை போட்டு மூடியிருந்தது. இன்னும் சூளைக்குப் போகவில்லை. சுடாத கல்லில் தண்ணீர் பட்டால் அது கல் இல்லை, சேறு.

ஒருநாள் ராஜாராம் கரைமேல் நின்று சொன்னான். "கல்லு அடுக்கின எடம் மேல நாலாவது கோட்டுக்கு நேரா இருக்குது. இப்ப தண்ணி கீழ ரெண்டு. ஆறடி ஏறினாத்தான் தொடும். அஞ்சு ஏறினதும் சொல்லிடு, வண்டி கட்டி மேட்டுக்கு ஏத்திடறேன். வெநாயகம் வந்து வந்து கேப்பான்."

அவன் போன பிறகு செபாஸ்தியான் கல்லுக்குப் பக்கத்தில் குந்தினான். கறுப்பில் இரண்டிலிருந்து வெள்ளைக்கு வர இரண்டு. வெள்ளையிலிருந்து சிவப்பில் நாலு. ஆறு. சரியாகச் சொல்லியிருக்கிறான். பேனாகூட எடுக்காமல் சொன்னான்.

அப்படியானால் அன்றைக்கும் தெரியும்.

அன்று ராத்திரி அவன் சோற்றில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். "இன்னாச்சி?" என்றாள் ராயம்மாள். "அவன் வாயால அஞ்சுன்னு சொல்ல வெக்கணும். ஊர் கேக்கணும்" என்றான்.

ஐப்பசி பிறந்தது. சனிக்கிழமை ராத்திரி மேற்கே, அவலூர்பேட்டைப் பக்கம், நல்ல மழை. செஞ்சியில் தூறல்கூட இல்லை. விடியும்போது வரத்து வாய்க்கால் செம்மண் நிறத்தில் இரைந்து வந்துகொண்டிருந்தது. செபாஸ்தியான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தான். நடுப்பகலுக்குத் தண்ணீர் மேலே மூன்று. இன்னும் வந்துகொண்டே இருந்தது.

விநாயகம் சைக்கிளில் வந்து இறங்கினான். "இன்னாய்யா அஞ்சடி, எத்தினி ஏறிச்சி?"

"நீயே பாரு. நேத்து கீழ ரெண்டு. நீயும்தான் பார்த்தே."

"ஆமா."

"இப்ப?"

விநாயகம் எட்டிப் பார்த்தான். "மூணு."

"மூணுல ரெண்டு போனா?"

"ஒண்ணு."

"சந்தேகமா இருக்குதா?"

விநாயகம் ஏரியைப் பார்த்தான். கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது. தலையைச் சொறிந்தான். பிறகு பல்லைக் காட்டினான். "இதுல இன்னா சந்தேகம்? எங்க மொதலாளி உனக்குக் கத்துக்குடுத்த கணக்காச்சே."

"அதையே போய்ச் சொல்லு."

சைக்கிள் போயிற்று. சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவேண்டுமா என்று செபாஸ்தியான் யோசித்தான். கல்லில் இருந்ததைக் காட்டினான், கேட்டான். ஒன்று என்று சொன்னது அவன் வாய் இல்லை. சாமியாருக்கு இதில் வேலை இல்லை என்று முடிவு செய்தான்.

திங்கட்கிழமை காலை தண்ணீர் மேலே ஐந்தரை. பனையோலை எல்லாம் மிதந்தது. அடி வரிசைகள் ஏற்கெனவே கரைந்து, மேல் வரிசைகள் பொத்தென்று உட்கார்ந்துகொண்டிருந்தன. வேடிக்கை பார்க்க ஊரே கரைமேல் நின்றது. ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான், பின்னால் விநாயகம்.

"ஓரடின்னு சொல்லி அனுப்பினியா, நாயே!"

"நா சொல்லல, தலைவரே. வெநாயகம்தான் கணக்குப் போட்டான். கேளுங்க. மொதநாள் ரெண்டு, மறுநாள் மூணு. மூணுல ரெண்டு போனா ஒண்ணு. உங்க கணக்குதான்."

"எவண்டா சொன்னான் ஒண்ணுன்னு? அது கீழ ரெண்டு, இது மேல மூணு. கழிப்பியாடா அத? கீழேருந்து சைபருக்கு ரெண்டு, சைபர்லேருந்து மேல மூணு, கூட்டணும்டா மடையா!"

"கூட்டினா எத்தினி, தலைவரே?"

"அஞ்சு!"

"அந்தக் கோடியில இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"அஞ்சடிடா! நேத்தே அஞ்சடி ஏறியிருக்குது!"

கத்தி முடித்த பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது.

ஆண்டாள் முன்னால் வந்தாள். கையில் அரிவாள், புல்லறுக்க வந்தவள். "கீழ ரெண்டுலேருந்து மேல மூணு அஞ்சடி. அப்ப மேல மூணுலேருந்து கீழ ரெண்டுக்கு எறங்கினா எத்தினி? நா படிக்காதவ, நீயே சொல்லு. எம் பயிரு காஞ்சுதே, அந்தத் தண்ணி எவன் கொல்லைக்குப் போச்சி?"

ராஜாராம் விநாயகத்தைப் பார்த்தான். விநாயகம் தன் செருப்பைப் பார்த்தான்.

"பேசுங்க, ஓரடியாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று தெரியவில்லை. கரை முழுக்கச் சிரித்தது. அந்தப் பேர் அன்றைக்கே செஞ்சிக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. ராஜாராம் கை ஓங்கினான், சுற்றிப் பார்த்தான், இறக்கினான். திரும்பி நடந்தான். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

வெயில் ஏறியது. கூட்டம் கலைந்தது. செபாஸ்தியான் மட்டும் அளவுக்கல்லுக்கு எதிரே குந்தியிருந்தான். ராயம்மாள் கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். நடந்ததெல்லாம் வழியிலேயே கேட்டுவிட்டாள்.

"சொல்ல வெச்சிட்டே. ஊரும் கேட்டுச்சி. போதுமில்ல? எழுந்து வா."

அவன் ஏரிக்குள் கையைக் காட்டினான்.

"கஞ்சிய வெச்சிட்டுப் போ. இன்னும் ஒரு வரிசை நிக்குது."