மீட்டிங்கில் இருக்கும் தம்பி

அக்கா புதுப் போன் வாங்கியிருந்தாள். அதைத் தன் கண்ணுக்கும் காதுக்கும் தோதாக மாற்றித் தரத் தம்பிதான் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டு ஞாயிறு கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்துவிட்டு, ஒரு மதிய இடைவேளையில் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தான் நம்மவன்.

மருந்துக் கம்பெனி ஒன்றில் இவன் மேலாளர். பெற்றவர்கள் போன பிறகு இவனுக்குத் தலை சீவிவிட்டு, பாடம் கேட்டு, ஆளாக்கியது அக்காதான். அவளுக்கு ஒரு நாளைக்கு நாலு தரமாவது இவனோடு பேசவேண்டும். முழங்கால் வலி, மகளின் கோபம், குழாயில் தண்ணீர் வராதது எல்லாவற்றையும் சொல்லவேண்டும். அதற்கு இவன் என்ன செய்தான் தெரியுமா? போன வருடம் தன் போனில் ஒரு ஆப்பைப் போட்டு, அக்காவின் எண்ணுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்தான். அவள் கூப்பிட்டால் இவன் போன் மூச்சுவிடாது. அழைப்பு தானே துண்டாகி, தானே ஒரு செய்தி போகும்: ‘மீட்டிங்ல இருக்கேன். முடிஞ்சதும் பேசறேன். சாப்பிட்டியா அக்கா?’ அந்தக் கடைசி வரியை வேலை மெனக்கெட்டுச் சேர்த்திருந்தான். பாசமாக இருக்கட்டுமாம்! வெட்கங்கெட்ட பிள்ளை. ஞாயிறு தோறும் இரண்டு நிமிடம் பேசிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வான்.

சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. மடித்த விரிப்புகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அக்காவோடு விரிப்பு மடிக்கும் பெண் இவனைக் கண்டதும் எழுந்து, நாற்காலியைத் துடைத்தே போட்டாள்.

“நீங்கதானா அந்தத் தம்பி? எவ்வளவு பெரிய மீட்டிங்ல இருந்தாலும் அக்கா கூப்பிட்ட அடுத்த நிமிஷம் பதில் போட்டுடுவீங்களாமே. என் கூடப் பிறந்தவனும் இருக்கானே, நான் கிடக்கேனா செத்தேனான்னு கேட்கமாட்டான்.”

அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. விடிகாலையில் கூப்பிட்டாலும் தம்பி சாப்பிட்டியா என்றுதான் கேட்பான் என்று சொல்லிச் சிரித்தாள். ஒவ்வொரு தரமும் அவள் ‘சாப்பிட்டேன்’ என்று பதில் தட்டிவிடுவாளாம். சாப்பிடாமல் இருந்தால், பொய் சொல்ல மனம் வராமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து தட்டுவாளாம். அந்தப் பதில்களில் ஒன்றைக்கூட இவன் திறந்து பார்த்ததில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்றைக்கு அவளுக்குத் தெரியாமல் தப்பினால் போதும், படியிறங்கியதும் அந்த ஏற்பாட்டைத் தூக்கி எறிந்துவிடுவது என்று மனதுக்குள் சத்தியம் செய்தான். ஏன், அங்கேயே எறிந்திருக்கலாமே? அவள் எதிரில் தன் போனைத் தொடவே கை கூசியது.

தலை நிமிராமல் அவள் போனில் வேலை செய்தான். எழுத்துகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினான். இவன் அழைத்தால் இவன் படம் திரை முழுவதும் தெரியும்படி வைத்தான். இயந்திர இரைச்சலிலும் காதில் விழவேண்டும் என்று அக்கா கேட்டதால், இருக்கிற மணிகளிலேயே கணீரென்ற ஒன்றைத் தேடித் தன் எண்ணுக்கு வைத்தான்.

அக்கா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உன் போன்ல என் படம் வருமாடா?” என்று கேட்டபடியே இவன் பெயரில் விரலை வைத்துவிட்டாள்.

வேண்டாம் அக்கா என்று இவன் கையை நீட்டுவதற்குள் அழைப்பு போய்விட்டது. இவன் சட்டைப்பையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் கையில்தான் ‘டிங்’ என்றது. இவன் பெரிதாக்கி வைத்த எழுத்து, எதிரில் இருந்த இவனுக்கே தலைகீழாகத் தெரிந்தது. ‘மீட்டிங்ல இருக்கேன். முடிஞ்சதும் பேசறேன்.’

அக்கா படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. அந்தப் பெண் எட்டிப் பார்த்தபோது, சட்டென்று திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். தம்பி நேற்று அனுப்பியது இப்போதுதான் வந்து சேர்கிறது, புதுப் போன் இன்னும் பழகவில்லை என்று சொன்னாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. பிறகு இவன் பக்கம் திரும்பினாள்.

“சாப்பிட்டேன்டா” என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் எழுந்து விரிப்புகளின் பக்கம் போய்விட்டாள். வருகிறேன் என்று இவன் சொன்னதற்கு, முகத்தைத் திருப்பாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

கீழே இறங்கியவன் சலவைக்கூடத்து ஜன்னலுக்கு நேர் கீழே நின்று அந்த ஏற்பாட்டை அழித்தான். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அக்காவை அழைத்தான். மேலே மணி அடித்தது. தம்பிதான் கூப்பிடுகிறார், எடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னது ஜன்னல் வழியே கேட்டது. அக்கா பதில் சொன்னது கேட்கவில்லை. இடைவேளை முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதற்குள் பெரிய இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டார்கள்.

நல்ல மணியாகத்தான் பார்த்து வைத்திருந்தான். அந்த இரைச்சலிலும் கடைசிவரை கேட்டது.